மே மாத மும்பையும் மார்கழிச் சென்னையும்

நிகழ்ச்சி நடத்தும் தொழிலில் இருப்பவர்கள் பார்வையாளராக உட்காருவது அபூர்வம். முகூர்த்த நாளில் எல்லோருக்கும் வேலை இருக்கிறது. டிசம்பரில் சபாவும் கம்பெனி ஆண்டு விழாவும் சேர்ந்து வருகின்றன. தேர்தல் வந்துவிட்டால் தூக்கமே இல்லை. அரங்கத்தை மேடைக்குப் பின்னால் இருந்தோ மிக்ஸர் பக்கத்தில் நின்றோதான் பார்த்துப் பழகியிருக்கிறோம். கடைசி வரிசையில் இருப்பவருக்குப் பேச்சு கேட்கிறதா, வயதான அம்மா ஒருவர் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் நமக்கு ஊகம்தான். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது இன்னொருவர் நடத்தும் மாநாட்டில் டிக்கெட்டோ பேட்ஜோ வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வரவேண்டும் என்பது என் கட்சி. எங்கே போவது, அங்கே எதைக் கவனிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி.

கோபாலபுரம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் வட்டாரத்தில் மைக் செட், பந்தல், லைட்டிங், மேடை அலங்காரம் என்று தொழில் செய்கிறவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்வேன். ஒன்று, மும்பை கோரேகாவில் பாம்பே எக்ஸிபிஷன் சென்டரில் மே மாதக் கடைசியில் மூன்று நாள் நடக்கும் பாம் எக்ஸ்போ. ஒலி, ஒளி, மேடைக் கருவிகளுக்காக 2001இல் தொடங்கிய கண்காட்சி இது. கூடவே கருத்தரங்கும் உண்டு. இன்னொன்று, கோபாலபுரத்திலிருந்து தெற்கே நடந்து கதீட்ரல் சாலையைத் தொட்டால் டி.டி.கே. சாலை முனையில் நிற்கும் மியூசிக் அகாடமியின் டிசம்பர் மாநாடு. முன்னது நம் தொழிலுக்காகவே கூடுவது. பின்னது சங்கீத வித்வான்களுக்காகக் கூடுவது, நமக்கும் அதற்கும் நேரடி உறவு கிடையாது. இருந்தும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. ஒரு துறை தனக்குத் தானே எப்படிக் கற்றுக்கொடுத்துக்கொள்வது என்பதற்கு இவை இரண்டு வேறு வழிகள். நம் தொழில் முதல் வழியில் நன்றாகவே நடந்திருக்கிறது. இரண்டாவது வழி நமக்குத் தெரியாது. அந்தக் குறைக்கு இப்போது பெரிய விலை கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மும்பையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு கன்சோலையோ ஸ்பீக்கரையோ வாங்க நினைத்தால் டீலர் கொண்டுவந்து காட்டும் ஒன்றைத்தான் பார்க்க முடியும். கோரேகாவில் போட்டிக் கம்பெனிகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். விரலால் தொட்டு, ஃபேடரை ஏற்றி இறக்கி, மெனுவுக்குள் போய், அதைத் தயாரித்தவர்களின் ஆளிடமே கேள்வி கேட்கலாம். திறந்தவெளியில் லைன் அரே ஸ்பீக்கர்களை வரிசையாகத் தொங்கவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுகிறார்கள். இது காதுக்கு நல்ல பாடம். விளம்பரத் தாளில் எல்லா ஸ்பீக்கரும் ஒரே அழகு. பத்து நிமிஷ இடைவெளியில் இரண்டைக் கேட்டால்தான் ஒன்றின் ‘ஸ’காரம் காதைக் குத்துவதும் இன்னொன்றின் அடித்தளம் குழைவதும் தெரியும்.

அங்கே கேட்டதோடு விட்டுவிட்டால் ஒரு ஆபத்தும் உண்டு. சாதாரண ஸ்பீக்கரின் சத்தம், தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் சுமார் 6 டெசிபல் இறங்கும். நீளமாகத் தொங்கும் லைன் அரேயில் ஒரு குறிப்பிட்ட தூரம் வரை அந்த இறக்கம் பாதியாக, சுமார் 3 டெசிபலாகக் குறைகிறது. மைதானத்தில் முன்வரிசை செவிடாகாமல் பின்வரிசைக்கும் சத்தம் போவதன் ரகசியம் இதுதான். ஆனால் அந்தப் பலன் அரேயின் நீளத்தைப் பொறுத்தது. இருபதடிக் கூரையுள்ள கல்யாண மண்டபத்தில் மூன்றே மூன்று பெட்டியைத் தொங்கவிட்டால் அது பெயருக்குத்தான் லைன் அரே. அதே பணத்தில் நல்ல பாயின்ட் சோர்ஸ் ஸ்பீக்கர் இரண்டும், மண்டபத்தின் நடுவில் டிலே ஸ்பீக்கர் இரண்டும் வைத்தால் பாட்டி காதுக்கும் மந்திரம் தெளிவாகப் போய்ச் சேரும். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி வைக்கும் ஸ்பீக்கருக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். ஸ்டாலில் நிற்பவர் இந்தக் கணக்கையெல்லாம் அறிந்தவர்தான். உன் மண்டபத்துக்கு என் பொருள் வேண்டாம் என்று சொல்வது மட்டும் அவர் வேலையில் சேராது. அதில் தவறும் இல்லை. விற்க வந்தவரிடம் விற்பனையைத்தான் எதிர்பார்க்க முடியும்.

அந்தக் கண்காட்சியை ஒட்டி நடக்கும் கருத்தரங்குகளுக்குப் போகிறவர்கள் ஸ்டால்களைச் சுற்றுகிறவர்களைவிடக் குறைவு. நம்மூரிலிருந்து போகிறவர்களிலும் இதே கதைதான். ரயில் செலவு, ஓட்டல் செலவு போட்டு வந்தாயிற்று, நாலு கம்பெனி பார்த்து விலை பேசாமல் உட்கார்ந்து கேட்பதா என்ற மனசு. அது தவறான கணக்கு என்றே நினைக்கிறேன். விலையை ஃபோனில் பேசிக்கொள்ளலாம். பெரிய ஷோக்களில் மிக்ஸிங் செய்தவர் தன் ஸ்கிரீனைத் திறந்து காட்டி, இந்தக் குரலுக்கு நான் இதைச் செய்தேன் என்று சொல்லும் ஒரு மணி நேரம் ஃபோனில் வராது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மும்பைக்குப் போவது முதலாளி. மேடைக்கு அடியில் தவழ்ந்து கேபிள் இழுக்கும் பையன் போவதில்லை. ஷாக் அடிக்க வாய்ப்பிருப்பது அந்தப் பையனுக்குத்தான். எர்த்திங் பற்றிய வகுப்பில் உட்கார வேண்டியவனும் அவனே.

இனி டி.டி.கே. சாலை. அகாடமி ஒரு மாநாட்டிலிருந்தே பிறந்த நிறுவனம் என்பதை நம் தொழிலில் பலர் நினைவில் வைப்பதில்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. டாக்டர் அன்சாரி தலைவர். அதை ஒட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்றும் நடந்தது. அங்கே எடுத்த முடிவின் விளைவாக 1928 ஆகஸ்ட் 18 அன்று எஸ்பிளனேட் ஒய்.எம்.சி.ஏ. அரங்கில் சர் சி.பி. ராமசாமி ஐயர் மியூசிக் அகாடமியைத் தொடங்கிவைத்தார். 1929 முதல் ஆண்டு மாநாடு நடக்கிறது. சொந்தக் கட்டடம் 1962இல்தான் வந்தது. முப்பது வருஷத்துக்கும் மேல் வாடகை இடங்களிலும் பந்தல்களிலும் நடந்த மாநாடு அது. பந்தல் போட்டவர் யார், பெட்ரோமாக்ஸ் தூக்கியவர் யார் என்று எந்த வரலாற்றிலும் இல்லை. நம் தொழிலின் முன்னோர் அவர்கள் என்பதால் எனக்கு அது ஒரு வருத்தம்.

சாயங்காலக் கச்சேரிகளை ஊரே அறியும். நம் பாடத்துக்கு முக்கியம் காலை அமர்வு. எட்டு மணி வாக்கில் தொடங்கும் லெக்-டெம். டிக்கெட் கிடையாது, யாரும் போய் உட்காரலாம். ஒரு வித்வானோ ஆய்வாளரோ ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு பேசுகிறார், பேசுவதைப் பாடியோ வாசித்தோ காட்டுகிறார். அவருக்கு எதிரே நிபுணர் குழு உட்கார்ந்திருக்கிறது. அதில் இருப்பவர்களும் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், ஏடு படித்தவர்கள். முடிந்ததும் கேள்வி வருகிறது. ‘நீங்கள் சொன்ன பிரயோகம் எங்கள் பாடாந்தரத்தில் வேறு’ என்று ஒருவர் பாடியே காட்டுவார். கடைசியில் அந்த வருஷம் சங்கீத கலாநிதி பட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், மாநாட்டுத் தலைவர் என்ற முறையில், கேட்டதைத் தொகுத்துச் சொல்வார். துறையின் மிக உயர்ந்த கௌரவத்தைப் பெறப்போகிறவர் ஒவ்வொரு காலையிலும் வந்து உட்கார்ந்து, தன்னைவிட வயதில் சிறியவர் பேசுவதைக் கேட்டு, அதைச் சுருக்கிச் சொல்லவேண்டும் என்று ஏற்படுத்தியிருக்கிறார்களே, இதைவிட நல்ல மாநாட்டு விதி ஒன்றை நான் அறியேன். நம் தொழில் விழாக்களில் வாழ்நாள் சாதனையாளர் மாலை போட்டுக்கொண்டு, படம் எடுத்துக்கொண்டு, பாதியில் கிளம்பிவிடுகிறார்.

பேசியது காற்றோடு போவதில்லை என்பது அடுத்த சிறப்பு. 1930 முதல் அகாடமி ஒரு ஆய்விதழ் நடத்துகிறது. முப்பதுகளில் நிபுணர் குழு ராகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதன் ஆரோகணம் என்ன, எந்தச் சுரத்துக்கு எவ்வளவு அசைவு, எந்தக் கீர்த்தனை சாட்சி என்று வாதம் செய்தது. முடிவு வந்த இடத்தில் முடிவும், வராத இடத்தில் கருத்து வேற்றுமையும் அச்சாயின. அந்த இதழ்களை இன்றும் எடுத்துப் படிக்கலாம். அதனால் இன்று பாட வரும் இருபது வயதுப் பெண் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய சர்ச்சையின் மேல் ஏறி நின்று யோசிக்கிறாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து அவள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

நிகழ்ச்சி நடத்துபவர் கண்ணோடு அதே கட்டடத்தில் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்ப்பதும் படிப்புதான். மதியத்திலிருந்து இரவு வரை அடுத்தடுத்துக் கச்சேரிகள். ஒன்று முடிந்ததும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள் காலியாகி, மறுபடி நிரம்பி, மேடையில் தம்பூரா சுருதி சேர்ந்து, நாலு மைக்கும் பார்த்து முடிந்து, அடுத்தது நேரத்துக்குத் தொடங்க வேண்டும். இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்று வாசல், கேன்டீன், பார்க்கிங் மூன்றிலும் நின்று பாருங்கள். மாநாடு டிசம்பர் 15 வாக்கில் தொடங்கும், ஜனவரி 1 அன்று பட்டம் வழங்கும் சதஸ் நடக்கும் என்பது ஊருக்கே மனப்பாடம். வெளிநாட்டில் இருப்பவர் தேதி கேட்காமல் விமான டிக்கெட் எடுக்கலாம். தேதியை மாற்றாமல் வைத்திருப்பது எத்தனை பெரிய விளம்பரம் என்பதைப் பந்தலுக்கு அடியில் நிற்கும் நாம் மறந்துவிடுகிறோம்.

அகாடமியை நான் குறையில்லாத இடம் என்று சொல்லவில்லை. யார் மேடை ஏறலாம், யாருக்கு எந்த நேரம் என்பதில் சென்னை சபாக்கள் மேல் உள்ள விமர்சனங்கள் நெடுநாளையவை, அவற்றில் நியாயமும் உண்டு. காலை அமர்வில் தலை நரைத்தவர்களே அதிகம் தெரிகிறார்கள் என்ற கவலையும் உண்டு. மும்பைக் கண்காட்சியில் இந்தப் பிரச்சினை இல்லை. அங்கே இருபத்தைந்து வயது டி.ஜே.யும் முப்பது வயது லைட்டிங் டிசைனரும் நிரம்பி வழிகிறார்கள். எந்தக் குடும்பம், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கருவியைக் கையாளத் தெரிந்தால் போதும். அந்தத் திறந்த மனசு மும்பையிடம் கற்க வேண்டியது. சென்னைக் காலையிடம் கற்க வேண்டியது, சக தொழிலாளி எதிரில் தன் வேலையை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கச் சொல்லும் துணிவு. அது நடந்த பிறகு எழுதி வைக்கும் வழக்கமும் அதோடு சேரும்.

இது ஏன் வெறும் ரசனை விஷயம் இல்லை என்பதைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 10 அன்று பனையூரில் ஏ.ஆர். ரஹ்மான் இசை நிகழ்ச்சி நடந்தது. மழையால் ஆகஸ்டில் தள்ளிப்போன நிகழ்ச்சி. டிக்கெட் கையில் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியவில்லை. உள்ளே போனவர்கள் நெரிசலில் சிக்கினார்கள், பெண்கள் தங்களுக்கு நேர்ந்த தொல்லையை வெளியே சொன்னார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நின்றுபோனது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படை சாகசத்தைப் பார்க்கக் கூடிய பெருங்கூட்டத்தில் வெயிலும் நெரிசலும் சேர்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில் நடந்த அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 உயிர்கள் போயின, குழந்தைகள் உட்பட. இந்த மூன்றைப் பற்றியும் டீக்கடையிலும் தொலைக்காட்சியிலும் பேசாத ஆள் இல்லை. யார் குற்றம் என்பதே பேச்சு. அது நீதிமன்றமும் விசாரணையும் பார்க்க வேண்டியது. நாம் பார்க்க வேண்டியது வேறு. பந்தல் போடுகிறவர், தடுப்பு கட்டுகிறவர், ஜெனரேட்டர் வைக்கிறவர், வாசலில் டிக்கெட் ஸ்கேன் செய்கிறவர், இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எந்த மணிக்கு எந்த வழி அடைத்தது, தண்ணீர் எங்கே வைத்திருக்க வேண்டும், மைக்கை யார் கையில் எடுத்து என்ன அறிவித்திருக்க வேண்டும் என்று வரிசையாகப் பேசி, அச்சிட்டு வைத்திருக்கும் ஒரு பக்கம் கூட என் கைக்கு வந்ததில்லை.

மற்ற இடங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1988 ஆகஸ்டில் கேசில் டோனிங்டன் ராக் நிகழ்ச்சியில் நெரிசலில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதன் பிறகு 1993இல் அந்த நாட்டு அரசு இசை நிகழ்ச்சிகளுக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றை வெளியிட்டது. பின்னாளில் அதைத் திருத்தி வளர்க்கும் பொறுப்பை நிகழ்ச்சித் துறையினரே எடுத்துக்கொண்டார்கள். அட்டை நிறத்தால் அது ஊதாக் கையேடு என்றே பெயர் பெற்றது. நம் நாட்டிலும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014இல் பெருங்கூட்டங்களை நிர்வகிப்பதற்கான வழிகாட்டி நூல் ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல நூல். வாசல்கள், வரிசைகள், தடுப்புகள், அவசர வழி எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் படித்த பந்தல் கான்ட்ராக்டரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் துயரம். புத்தகம் இருந்தும் அதை எடுத்து வைத்து வாதம் செய்ய ஒரு சபை இல்லை.

ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நெருங்கிவிட்டால் கூட்டம் தன் கட்டுப்பாட்டை இழக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் போனால் தன் விருப்பப்படி யாரும் நகர முடியாது, அலைபோல மொத்தமாக அசைகிறார்கள். நெரிசல் சாவுகளில் மிதிபட்டு இறப்பதைவிட, நின்றபடியே மார்பு அழுந்தி மூச்சு முட்டி இறப்பதே அதிகம். இதை அறிந்தவர் மேடைக்கு முன்னால் ஒரே நீளமான தடுப்பைக் கட்டமாட்டார். கூட்டத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கவாட்டில் வழி விடுவார். இது மூங்கிலும் கயிறும் தெரிந்த கைக்குக் கஷ்டமான வேலை இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மாநாட்டுக்குப் போகிறவருக்கு நான் சொல்லும் முறை இதிலிருந்தே வருகிறது. போவதற்கு முன், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் வேலையில் எங்கே தடுமாறினீர்கள் என்று இரண்டு மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். கோரேகாவில் எந்த ஸ்டாலில் நின்றாலும் முதலில் அதைக் கேளுங்கள், விலையை அப்புறம் கேட்கலாம். அன்றன்று இரவே குறித்து வையுங்கள். ஊருக்கு வந்ததும் உங்கள் ஆட்களை, கேபிள் இழுக்கும் பையன் வரை, ஒரு காலையில் உட்காரவைத்து, கண்டதைச் செய்து காட்டுங்கள். லெக்-டெம் என்பது அதுதானே. அவர்களும் கேள்வி கேட்கட்டும். முதலாளியிடம் எதிர்க்கேள்வி கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில் ஷாக் அடிக்கும் மேடையை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள்.

இதை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியே செய்தால் போதாது. சென்னை நிகழ்ச்சித் தொழிலுக்கு ஒரு காலை மாநாடு வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் நமக்குக் கை ஓய்ந்த காலம். அந்த மாதத்தில் ஐந்து நாள், காலை ஏழிலிருந்து பத்து வரை, அதன் பிறகு அவரவர் வேலையைப் பார்க்கலாம். பெரிய அரங்கம் தேவையில்லை, கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடக் கூடம் போதும். ஸ்டால் கிடையாது, ஸ்பான்சர் பேனர் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. பேசுகிறவர் தான் செய்த ஒரு வேலையின் வரைபடத்தை மாட்டி, எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று சொல்ல வேண்டும். எதிரில் சவுண்ட், லைட், பந்தல், கேட்டரிங், தீயணைப்பு, போலீஸ், ஆம்புலன்ஸ் என்று துறைக்கு ஒருவர் குழுவாக உட்கார வேண்டும். அந்த வருஷம் துறையில் யாரை மூத்தவராக மதிக்கிறோமோ அவர் ஐந்து நாளும் இருந்து தொகுத்துச் சொல்ல வேண்டும். பேசியதெல்லாம் தமிழில் அச்சாக வேண்டும்.

முதல் வருஷத்துக்கான தலைப்புகள் என்னிடம் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஈரமான மைதானத்தில் ஜெனரேட்டரும் எர்த்திங்கும். பள்ளியும் மருத்துவமனையும் பக்கத்தில் இருக்கும் தெருவில், இரவு பத்து மணி விதியை மீறாமல் மேடை அமைப்பது. ஐயாயிரம் பேர் வரும் இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை எத்தனை, எந்தப் பக்கம். தலைவர் தாமதமாக வரும் கூட்டத்தில் நாலு மணி நேரம் வெயிலில் நிற்பவர்களுக்குத் தண்ணீரும் நிழலும். விடியற்காலை வரை பந்தல் பிரிக்கும் ஆட்களுக்குச் சாப்பாடு, தூக்கம், லாரி ஓட்டுபவரின் கண். கடைசி நாளுக்குக் கரூர். அன்று யார் மேலும் பழி சொல்லக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு, வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, அந்தச் சாலையின் அகலத்தை அளவுகோலால் குறித்துத் தொடங்க வேண்டும்.